கண்ணீர் வராத கண்ணுக்கு எதற்கு வடிகால் அடைப்பு?

கடுமையான கண் வறட்சிக்குக் கடைசிக் கட்டமாகச் சொல்லப்படும் ‘பங்க்டல் காட்டரி’யை யார் செய்துகொள்ளலாம், யார் காத்திருக்க வேண்டும்? ஒரு மயிலாப்பூர் குடும்பம் முடிவெடுத்த கதை.

பெரியம்மா இறந்த அன்று, மயிலாப்பூர் வீட்டில் அழாமல் இருந்தவர் என் அம்மா மட்டும்தான். கூடப் பிறந்த அக்கா. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அம்மாவின் கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ‘‘கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காளே’’ என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது.

அம்மாவுக்கு அழுகை வந்தது. கண்ணீர்தான் வரவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. முடக்குவாதத்துக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், காலையில் இமை ஒட்டிக்கொள்வது, வெளிச்சம் கூசுவது, எந்நேரமும் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் தேவைப்படும் அளவுக்கு நாக்கு வறண்டு போவது. எல்லாவற்றையும் ‘வயசாயிடுச்சு’ என்று ஒதுக்கிவைத்திருந்தோம். பரிசோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது: ஷோக்ரன் சிண்ட்ரோம்.

சொட்டு மருந்து, ஜெல், களிம்பு, பிளக் என்று ஒன்றரை வருடம் ஓடியது. ஒருநாள் கண் டாக்டர், ‘‘கண்ணீர் வடியிற துளையைச் சூடு வைத்து நிரந்தரமா மூடிடலாம்மா’’ என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டார்:

‘‘கண்ணுல தண்ணியே இல்லைங்கறாங்க. அப்புறம் அதுல இருக்கிற ஓட்டையை எதுக்கு அடைக்கணும்?’’

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

தண்ணீர் லாரிக் காலத்துக் கணக்கு

கண்ணீர் அழுவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் நாள் முழுவதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. புருவத்துக்குக் கீழே, கண்ணின் வெளி ஓரத்துக்கு மேலே இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இதில் பெரும்பங்கைத் தருகிறது. இமை ஓரத்தில் உள்ள சுரப்பிகள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைச் சேர்க்கின்றன. கண்ணின் மேற்பரப்பு வழவழப்பான சளிப் பொருளைத் தருகிறது. இவை சேர்ந்ததுதான், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணில் பூசப்படும் ஈரப் படலம்.

பூசியது போக மிச்சம் எங்கே போகிறது? கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மூக்குப் பக்கமாக லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். உள் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரியும். அதுதான் கண்ணீர்த் துளை, மருத்துவர்கள் சொல்லும் ‘பங்க்டம்’. மேல் இமையிலும் ஒன்று உண்டு. ஒரு கண்ணுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. அங்கிருந்து சிறு குழாய்கள் கண்ணீர்ப் பையில் சேர்ந்து, அது மூக்குக்குள் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதே வழியாகத்தான்.

அம்மாவுக்கு டாக்டர் இப்படித்தான் புரியவைத்தார். ‘‘2019 கோடையில சென்னையில தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கா? லாரி வந்து ஊத்திட்டுப் போன தண்ணி தொட்டியில நிக்கணும்னா முதல்ல என்னம்மா செய்வீங்க?’’

‘‘ஒழுகுற குழாயை மூடுவோம்.’’

‘‘அதேதான். உங்க கண்ணுல ஊறுறது கொஞ்சம். நீங்க விடுற சொட்டு மருந்து இன்னும் கொஞ்சம். ரெண்டும் நிக்காம மூக்குக்குள்ள போயிடுது.’’

ஆட்டோவில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிதான் கஷ்டமானது. மூடலாம் சரி, நிரந்தரமாக மூடலாமா?

இது சாதாரண வறட்சி இல்லை

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கண் எரிகிறது என்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை கிடையாது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கடற்கரை நகரமான சென்னையில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நம் கண்கள் பெரும்பாலும் ஏ.சி. காற்றில்தான் வாழ்கின்றன. தி.நகர் ஜவுளிக்கடையோ, மார்கழி சபாவோ, அடையாறு தாண்டிய ஐ.டி. அலுவலகமோ, எங்கும் அதே குளிர்காற்று. வெளியே வந்தால் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் லஸ், பனகல் பார்க் பக்கத்துப் புழுதி. இந்த வகை வறட்சிக்கு இடைவெளி விட்டு இமைப்பதும், ஏ.சி. காற்று முகத்தில் நேராகப் படாமல் உட்காருவதும், கண்ணாடி போட்டு வண்டி ஓட்டுவதும், தேவையானால் செயற்கைக் கண்ணீரும் பெரும்பாலும் போதும்.

அம்மாவுக்கு வந்தது வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் நோய். 1933-ல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இன்றும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களையே பல மடங்கு அதிகம் தாக்குகிறது. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-ல் அமெரிக்க ஓப்பனிலிருந்து பாதியில் விலகியபோது, தனக்கு இந்த நோய் இருப்பதை வெளியே சொன்னார்.

சில மருந்துகளின் ஒவ்வாமையால் உடல் முழுக்கக் கொப்புளம் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோமுக்குப் பிறகும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கும் இதுபோன்ற கடும் வறட்சி வரலாம்.

வறட்சி முற்றினால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, நூல் நூலாக ஒட்டிக்கொள்ளும். இமைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நூல் இழுபடும். ‘‘கண்ணுக்குள்ள முள்ளு மாதிரி’’ என்று அம்மா சொன்னது மிகையல்ல. அந்த நிலையில் கண்ணில் புண்ணும் தொற்றும் வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே எதுவும் செய்யாமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

ஐந்து நிமிடக் காகிதம்

கண் எவ்வளவு வறண்டிருக்கிறது என்று அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் ஷிர்மர் 1903-ல் சொன்னது. மெல்லிய காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்வார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகப் பரவாயில்லை. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கடும் வறட்சி. அம்மாவுக்கு வலது கண்ணில் 2, இடது கண்ணில் 1.

மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும் சோதனையும் உண்டு. கருவிழியில் எங்கெல்லாம் தோல் சேதமாகியிருக்கிறதோ, அங்கெல்லாம் பச்சையாக மின்னும். ‘‘உங்கம்மா கண்ணு நட்சத்திரம் கொட்டின வானம் மாதிரி இருக்கு’’ என்றார் டாக்டர். கேட்க அழகாக இருந்தது. விஷயம் அழகானது இல்லை.

பிளக் என்னும் ஒத்திகை

உலகம் முழுவதும் கண் மருத்துவர்கள் இதற்குப் படிப்படியாகத்தான் போகிறார்கள். முதல் படி, சுற்றுப்புறத்தைச் சரிசெய்வது, இமைக்கு வெந்நீர் ஒத்தடம், செயற்கைக் கண்ணீர். அடுத்து, பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்துகள், அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள், துளையை அடைக்கும் பிளக். அதற்கும் மேலே, நோயாளியின் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு, வெள்ளை விழியின் மேல் உட்காரும் பெரிய ஸ்க்லீரல் லென்ஸ். சூடு வைத்து மூடுவது கடைசிப் படிகளில் ஒன்று.

இதில் பிளக் முக்கியமானது. கொலாஜனால் ஆன பிளக் சில நாள்களில் தானே கரைந்துவிடும். சிலிக்கான் பிளக் எடுக்கும் வரை இருக்கும். 1975-ல் ஃப்ரீமேன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது இது. துளையில் ஒரு சிறு தக்கையைச் செருகுவது போலத்தான். ஊசி வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

அம்மாவுக்கு இரண்டு கீழ்த் துளைகளிலும் சிலிக்கான் பிளக் வைத்தார்கள். பதினைந்தே நாளில் வித்தியாசம் தெரிந்தது. மணிக்கு ஒருமுறை மருந்து விட்டவர், மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தார். பேப்பரில் தலைப்பு மட்டும் படித்தவர், செய்தியையும் படித்தார்.

பிறகு இடது பிளக் விழுந்தது. எப்போது, எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது. முகம் துடைக்கும்போது போயிருக்கலாம். அடுத்த அளவு போட்டார்கள், அதுவும் நிற்கவில்லை. வலது கண்ணில் பிளக்கின் தலை கண்ணில் உரசிப் புதிதாக எரிச்சல். ஒவ்வொரு முறை விழுந்ததும் பழைய வேதனை திரும்பியது.

அப்போதுதான் டாக்டர் காட்டரி பற்றிப் பேசினார். எங்களுக்கு அது திடீரென்று வந்த யோசனை மாதிரி தோன்றியது. யோசித்துப் பார்த்தால், பிளக் இருந்த அந்தச் சில வாரங்கள்தான் ஒத்திகை. அடைத்தால் அம்மாவுக்கு நல்லது நடக்கும் என்பது அதில் தெரிந்துவிட்டது. பிளக் வைத்தபோது பலன் இல்லை என்றாலோ, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது என்றாலோ, காட்டரியைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கக் கூடாது.

வீட்டில் நடந்த விவாதம்

தி.நகரில் இருக்கும் அண்ணனுக்கு இஷ்டமில்லை. ‘‘பிளக்குன்னா எடுத்துடலாம். சூடு வெச்சுட்டா? நாளைக்கு இதைவிட நல்ல மருந்து வந்தா?’’ என்றான். நான் அடையாறிலிருந்து தினமும் போய் அம்மாவைப் பார்ப்பவள். ‘‘நாளைக்கு வர்ற மருந்துக்காக அம்மா இன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குறது?’’ என்றேன். அம்மா இரண்டு பேரையும் பார்த்து, ‘‘கண்ணு என்னோடது’’ என்றார்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது என்று முடிவானது. அவர் காட்டரி வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘‘இப்போ வேண்டாம்’’ என்றார். அம்மாவின் இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டிருந்தன, கண்ணில் அழற்சியும் இருந்தது. அழற்சி உள்ள கண்ணின் நீரில் கண்ணை மேலும் புண்ணாக்கும் பொருள்கள் கலந்திருக்கும். அந்த நேரத்தில் வடிகாலை மூடினால் அதுவும் சேர்ந்து கண்ணிலேயே தங்கும். முதலில் தண்ணீரைச் சுத்தமாக்கு, பிறகு தொட்டியை மூடு என்பதுதான் வரிசை.

மூன்று மாதம் சொட்டு மருந்தும், தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான ஒத்தடமும். அழற்சி குறைந்தது. மறுபடி பார்த்த இரண்டு டாக்டர்களும் இப்போது ஒரே பதிலைச் சொன்னார்கள்.

சூடு வைத்த அந்தப் பத்து நிமிடம்

துளையைச் சூட்டால் மூடுவது புது விஷயமல்ல. கருவிழியில் நூல் படரும் நோய்க்கு இதை ஒரு வழியாக அமெரிக்க மருத்துவர் பீதம் 1935-லேயே எழுதியிருக்கிறார்.

அட்மிஷன் தேவைப்படவில்லை. முதலில் கண்ணீர்ப் பாதையில் நீர் செலுத்தி, பையில் சீழோ தொற்றோ இல்லை என்று உறுதி செய்தார்கள். தொற்று இருக்கும்போது மேலே மூடினால் அது உள்ளேயே தேங்கிவிடும். பிறகு மரத்துப்போகும் சொட்டு, இமையின் உள் ஓரத்தில் ஒரு ஊசி. ‘‘ஊசிதான் வலிச்சுது, மத்தது தெரியலை. முடி கருகுற வாடை மட்டும் வந்துச்சு’’ என்றார் அம்மா. மெல்லிய சூடான முனையைத் துளைக்குள் விட்டு எடுக்கிறார்கள். உள்தோல் சுருங்கி, ஆறும்போது தழும்பாகி மூடிக்கொள்கிறது. சில நாள் லேசான வீக்கம், ஆன்டிபயாட்டிக் களிம்பு. அவ்வளவுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடவில்லை. முதலில் வலது கீழ்த் துளை. ஆறு வாரம் பார்த்துவிட்டு இடது கீழ்த் துளை. மேல் துளைகளைத் தொடவில்லை. நான்கையும் மூட வேண்டிய அளவுக்கு வறண்ட கண்கள் இருக்கின்றன. ஆனால் அதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டியதில்லை.

நான்கு மாதத்தில் இடது துளை மறுபடி திறந்துகொண்டது. ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு நாங்கள் அவ்வளவு பயந்திருந்தோம், அதுவே திறந்துவிட்டதே என்று அண்ணன் சிரித்தான். இது பலருக்கு நடப்பதுதான். மறுபடி செய்தார்கள். அதற்காக, வேண்டாம் என்றால் திறந்துகொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. தழும்பாகி நன்றாக மூடிய துளையைத் திறப்பது தனி அறுவை சிகிச்சை. அது பலிக்கும் என்று உத்தரவாதமும் இல்லை.

யாருக்கு வேண்டாம்?

ஓரளவு கண்ணீர் ஊறுகிறவர்களுக்கு. மூடினால் எந்நேரமும் கண்ணீர் வழியும்.

பிளக் வைத்துப் பார்க்காதவர்களுக்கு.

கண்ணில், இமையில், கண்ணீர்ப் பையில் அழற்சியோ தொற்றோ இருப்பவர்களுக்கு, அது சரியாகும் வரை.

அலர்ஜியால் கண் அரிக்கிறவர்களுக்கு. அலர்ஜியைத் தூண்டும் பொருளும் கண்ணிலேயே தங்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு வறட்சி எதனால்? கண்ணீர் ஊறாததாலா, எண்ணெய்ப் படலம் குறைந்து சீக்கிரம் ஆவியாவதாலா?

2. ஷிர்மர் சோதனையில் என் அளவு என்ன?

3. ஷோக்ரன் போன்ற நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

4. பிளக் வைத்திருந்தபோது கருவிழி ஆறியதா?

5. அழற்சி இப்போது கட்டுக்குள் இருக்கிறதா?

6. எத்தனை துளை, எந்த வரிசையில்? முதலில் ஒன்றை மட்டும் மூடிப் பார்க்கலாமா?

7. கண்ணீர் வழிந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடி திறந்துகொண்டால்?

8. அதன் பிறகும் எந்தெந்த மருந்தைத் தொடர வேண்டும்?

தூக்கம், அலர்ஜி, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் கண்ணை வறளச் செய்யும். சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கிய அது, ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனை.

வீட்டில் செய்யும் தவறுகள்

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புண்ணான கருவிழியில் சுத்தமில்லாத எதை விட்டாலும் தொற்று வரலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘சிவப்புக்குச் சொட்டு’ இன்னொரு ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், தொடர்ந்து விடும்போது கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

ஒரு நேரத்துக்கு ஒரு சொட்டு போதும். கண்ணின் ஈரப் படலம் மொத்தமே ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. பாட்டிலிலிருந்து விழும் ஒரே சொட்டு அதைப் போலப் பல மடங்கு. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். துளை மூடிய பிறகு மருந்து கண்ணில் அதிக நேரம் தங்கும் என்பதால், பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது அம்மா

வறட்சி தீர்ந்துவிட்டதா? இல்லை. ஷோக்ரன் நோயை எந்தச் சூடும் போக்காது. அம்மா இப்போதும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை மருந்து விடுகிறார், இரவில் ஜெல் போடுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார். ஆனால் கருவிழியில் நூல் படரவில்லை. இரவில் எழுந்து கண்ணில் ஈரத்துணி வைத்துக்கொள்வது நின்றுவிட்டது. பேப்பர் படிக்கிறார், வாசலில் கோலம் போடுகிறார்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வெள்ளீஸ்வரர் கோயில் இருக்கிறது. மகாபலியின் தானத்தைத் தடுக்க, சுக்கிராச்சாரியார் வண்டாகிக் கமண்டலத்தின் துவாரத்தை அடைத்தார், வாமனர் தர்ப்பையால் குத்தியதில் ஒரு கண்ணை இழந்தார், பிறகு இங்கே வந்து வழிபட்டுப் பார்வை பெற்றார் என்பது தலபுராணம். கண் நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ளும் தலம். முதல் காட்டரிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்:

‘‘தண்ணி வர்ற துவாரத்தை அடைச்சு அவர் கண்ணைத் தொலைச்சார். நான் துவாரத்தை அடைச்சுக் கண்ணைக் காப்பாத்திக்கிறேன். போலாம், ஆட்டோவைக் கூப்பிடு.’’

போன மாதம் பெரியம்மாவுக்குத் திதி. படத்துக்கு முன்னால் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்போதும் கண்ணீர் வரவில்லை. ஆனால் இந்த முறை ‘கல்லு மாதிரி’ என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் நோய் என்னவென்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதற்குள் சொல்லியிருந்தேன்.